மாத்திரைக் கணக்கு

அறிக்கை வந்துவிட்டது.
அறுநூற்றுப் பதினெட்டுப் பேர். ஐந்து வருடம்.
"இரு பிரிவுகளுக்கும் இடையே
குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை."
லா பாஸில் யாரோ தட்டச்சு செய்த வரி.
அதைப் பையில் வைத்துக்கொண்டு
காமிரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன்.
ஒப்பந்தம் அப்படி:
முடிவு எதுவானாலும்
ரத்தம் கொடுத்தவர்களிடம் நேரில் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் மாதத்துச் சாக்கோவில்
பச்சை என்று எதுவும் இல்லை,
முள்ளைத் தவிர.
இங்கே மண்சுவரின் விரிசலில் வின்சூகா இருக்கும்.
இரவில் இறங்கி வந்து
தூங்குகிறவர் முகத்தில் வலிக்காமல் குடிக்கும்.
குடித்த இடத்திலேயே கழித்துவிட்டுப் போகும்.
தூக்கத்தில் ஒருமுறை சொறிந்தால் போதும்.
உள்ளே போன கிருமி
முப்பது வருடம் வாய் திறக்காது.
பிறகு இதயம் நனைந்த கோணிப்பையாகத் தொங்கும்.
அல்லது அதற்குள் உறைந்த ஒரு துளி மூளைக்கு ஏறி
பாதி உடம்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

பெனிதா ஐரேயூவின் வீடு பதினோராவது.
என் பதிவேட்டில் அவள் 208.
207 அவள் கணவன் புளோரென்சியோ,
நான்காம் வருடம் ஈஸ்டருக்கு முன்னால் இறந்தவன்.
ஒட்டிய இரண்டு உறைகளை நீட்டினேன்:
யாருக்கு மருந்து, யாருக்கு மாவு.
ஐந்து வருடம் எனக்கும் தெரியாத ரகசியம்.

"பிரிக்க வேண்டாம், எனக்குத் தெரியும்" என்றாள்.
மாத்தே குவளையை என் பக்கம் தள்ளினாள்.

"எட்டாம் நாள் என் கையெல்லாம் தடித்தது.
அவருக்கு ஒன்றுமில்லை.
மருந்துதானே அரிக்கும்?
மாவு எதற்கு அரிக்கப் போகிறது?
எனக்கு ரத்தத்தில் மட்டும்தான் நோய்.
அவருக்கு மூச்சு வாங்கியது.
அன்று ராத்திரி
என் புட்டியிலிருந்து அவர் புட்டிக்கு,
அவர் புட்டியிலிருந்து என் புட்டிக்கு.
ஒரே வெள்ளை, ஒரே அளவு, ஒரே மூடி.
நீங்கள்தானே அப்படிச் செய்து கொடுத்தீர்கள்."

நான்தான் மாத்திரை எண்ணினேன்.
அறுபது நாள் கழித்து இரண்டு புட்டியும் காலி.
கணக்கு ஒன்றுகூடத் தவறவில்லை.
இந்தத் தம்பதியைப் போல ஒழுங்கானவர்கள் இல்லை என்று
கூட்டத்தில்கூடச் சொன்னேன்.
எந்தப் புட்டி எந்த வாய்க்கு என்று
புட்டியா சொல்லும்?

பழைய தாள்களைப் புரட்டினேன்.
என் கையெழுத்துதான்:
208, மூன்றாம் வாரம், தடிப்பு தானாக மறைந்தது.
207, மூன்றாம் வாரம், கழுத்தில் தடிப்பு,
குதிரை ஈ கடித்ததாகச் சொல்கிறார்.
இரண்டும் அடுத்தடுத்த பக்கம்.
நடுவில் ஒரு கிளிப்.

"அவருக்குத் தெரியுமா?"
"தெரிந்தால் விழுங்கியிருப்பாரா?"

அப்புறம் அவள் கேட்டாள்:
"டாக்டர் இரண்டு வருடம் என்றார். நாலு இருந்தார்.
அது மருந்தா?"

பதில் என் பையில் இருந்தது,
அச்சடித்து, முத்திரை குத்தி.
வாசித்தேன். வாசிக்க வேண்டியது என் வேலை.
தலையைச் சாய்த்துக் கேட்டாள்,
வேறு ஊர் வானிலை கேட்பவள் போல.

"அந்த அறுநூற்றுச் சொச்சத்தில்
என்னை மாதிரி எத்தனை பேர்?"

தெரியாது என்றேன்.
விதிமீறல் படிவம் ஒன்று பையில் இருக்கிறது.
அதில் 'காரணம்' என்று
மூன்று விரல் அகலத்தில் ஒரு கட்டம்.
எடுத்தேன். பேனாவும் எடுத்தேன்.
இரண்டு பேரால் முடிவு மாறாது என்று
லா பாஸில் சொல்வார்கள்.
மாறாதுதான்.

அதற்குள் அவள் சட்டைக் கையைச் சுருட்டி
மணிக்கட்டை நீட்டியிருந்தாள்,
ஐந்து வருடப் பழக்கம்.
ஆய்வு முடிந்துவிட்டது, இனி வேண்டாம்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
விரல்கள் அதற்குள் போய்விட்டன.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு.
அப்புறம் ஒன்று வரவில்லை.
வெளியே ஆடு ஒன்று கயிற்றை இழுத்தது.
வந்தது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு
ஒன்றிலிருந்து எண்ணினேன்.